தேர் நாளுக்குத் திகதி போட்டவன்

இனிமேல் பலேர்மோவில் அகதி விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் நேரில் வரத் தேவையில்லையாம். மேசையில் ஒரு திரை வைப்பார்கள். எங்கோ ஒரு நகரத்தில் காதுக்கருவி மாட்டிய ஒருவர் அதில் தோன்றுவார். நாற்பது நிமிடத்தில் ஒரு மனித வாழ்க்கையை இத்தாலியனாக்கிவிட்டு அடுத்த வாழ்க்கைக்குப் போய்விடுவார். இந்த முன்னேற்றத்தை அறிவித்த அதே மின்னஞ்சலில், புதியவர்களுக்குப் பயன்படும்படி என்னுடைய 'நல்ல நடைமுறைகளை' இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படியும் கேட்டிருந்தார்கள். இடது காது கேட்காமல் போனதால் ஐம்பத்தாறு வயதில் ஓய்வுபெற்றவன் நான். செவிடனிடம் செவிமடுக்கும் கலை பற்றிக் கட்டுரை கேட்கிற துணிச்சல் அலுவலகங்களுக்குத்தான் வரும்.

நல்ல நடைமுறை என்று என்னிடம் எதுவுமில்லை. ஒரு பிழை இருக்கிறது. அதை எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது.

பயிற்சிக்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அப்படி ஒன்று இருக்கவில்லை. தொண்ணூற்றொன்றில் மன்னாரிலிருந்து வந்தேன். வியா லிபெர்த்தாத் தெருவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மையாரின், வீட்டில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டபடி அவருடைய வானொலியிடம் இத்தாலியன் படித்தேன். ஆகையால் முதல் வருடம் முழுவதும் என் இத்தாலியனில் காற்றின் வேகமும் கால்பந்தும்தான் இருந்தன. அதுவே எங்கள் சனத்தில் பலருக்கு இருந்ததைவிட அதிகம் என்பதால் பங்குத் தந்தை என்னைக் குவெஸ்தூராவுக்கு, அதாவது பொலிஸ் தலைமையகத்தின் வெளிநாட்டவர் பிரிவுக்கு, அனுப்பிவைத்தார். காலையில் அடுக்குமாடிகளின் படிகளைக் கழுவுவேன். பதினொரு மணிக்குக் கையைக் கழுவிவிட்டுச் சர்வதேசச் சட்டத்துக்குப் போவேன்.

சர்வதேசச் சட்டம் இரண்டாம் மாடியில் இருந்தது. ஒரு மேசை, மூன்று கதிரை, ஒரு தட்டச்சு இயந்திரம், துறைமுகப் பக்கம் பார்த்த ஒரு யன்னல். நேப்பிள்ஸ் போகும் கப்பல் ஊதினால் யன்னல் கண்ணாடி நடுங்கும். ஆபிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று வந்தால் சிவப்புத் தூசி சட்டப் புத்தகங்களின் மேல் படியும். அதைத் துடைப்பதற்கு யாரும் இல்லை. நான் துடைப்பேன், அது என் காலை வேலையின் மிச்சம்.

என் மேலதிகாரி இன்ஸ்பெக்டர் லா மந்தியா. ஐம்பது வயது, ஒல்லி, குரல் உயர்த்தாத மனிதர். அவரிடம் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் இருந்தன. ஒன்று வாசிக்க, மற்றது ஆளைப் பார்க்க. இரண்டாவதை அவர் போட்டு நான் கண்டது குறைவு. மேசை இழுப்பறையில் ஆரஞ்சு நிறத் தோடம்பழங்கள் வைத்திருப்பார். வாக்குமூலம் தொடங்கும்போது ஒன்றை எடுத்து, தோல் அறாமல் ஒரே சுருளாக உரித்துக்கொண்டே கேட்பார். உரித்த பழத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை எதிரே இருப்பவர் முன் வைப்பார். அகதிகள் பற்றிய எந்த உடன்படிக்கையிலும் அந்தப் பாதிப் பழத்துக்கு உறுப்புரை கிடையாது. அந்த மேசையில் எங்கள் சனங்களுக்கு நிச்சயமாகக் கிடைத்த உரிமை அது ஒன்றுதான்.

அவரிடம் ஒரேயொரு கேள்வி இருந்தது. குவாந்தோ? எப்போது? வீடு எரிந்தது என்றால், எப்போது. தம்பியைக் காணவில்லை என்றால், எப்போது. ஏன் என்று அவர் கேட்டதேயில்லை. ஏன் கேட்பதில்லை என்று ஒருநாள் நானே கேட்டேன்.

"ஏன் என்று கேட்டால் எல்லோரும் அரசியல் பேசுவார்கள், சிஞ்ஞோர் இன்தெர்ப்ரெத்தே," என்றார் அவர். "திகதியைக் கேட்டால் நடந்ததைப் பேசுவார்கள்."

சிஞ்ஞோர் இன்தெர்ப்ரெத்தே என்றால் மொழிபெயர்ப்பாளர் ஐயா. ஐந்து வருடமாக எனக்கு அதுதான் பெயர்.

நடைமுறை இப்படி. ஆள் தமிழில் சொல்வார். நான் வசனம் வசனமாக இத்தாலியனில் சொல்வேன். இன்ஸ்பெக்டர் இரண்டு விரலால் தட்டுவார், மூன்று பிரதி, இடையில் கார்பன் தாள். ஒவ்வொரு வசனத்தின் முன்னாலும் 'அ சுவோ தீரே' என்று போடுவார். அவரது கூற்றின்படி. அவரது கூற்றின்படி வீடு எரிந்தது. அவரது கூற்றின்படி தாய் இறந்தார். அவரது கூற்றின்படி அவருக்கு இடது கால் இல்லை. அந்தக் கால் இல்லாமல் அந்த மனிதர் எங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். எழுதி முடிந்ததும் பக்கம் பக்கமாக நான் அதைத் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். ஆள் ஓம் என்பார். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையொப்பம், கீழே என்னுடையது, அதற்கும் கீழே மூன்று சொற்கள்: வாசித்து, உறுதிசெய்து, ஒப்பமிட்டது. அந்த மூன்று சொற்களும் விழுந்த பிறகு கடவுளே வந்தாலும் ஒரு காற்புள்ளியை நகர்த்த முடியாது. முதலில் அவரிடம் அடையாள அட்டை கேட்பார்கள்.

பிறகு கோப்பு ரோமுக்குப் போகும். அங்கே ஒரு ஆணைக்குழு எங்கள் நாட்டைப் பார்க்காமலே எங்கள் நாட்டில் என்ன நடந்தது என்று தீர்மானிக்கும்.

எங்கள் சனங்களுக்கும் குவாந்தோவுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துவரவில்லை. யாருக்கும் திகதி தெரியாது, ஆனால் எல்லோருக்கும் நாள் தெரியும். மடுத் திருவிழாவுக்கு முதல்நாள் ஷெல் விழுந்தது. அந்தோனியார் பெருநாளுக்குப் பிறகு படகு ஏறினோம். இன்ஸ்பெக்டர் விரல்களைத் தட்டச்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் புத்திசாலி. ஒரு கொப்பி வாங்கினேன். பெருநாள்களை இடப்பக்கமும் திகதிகளை வலப்பக்கமும் எழுதினேன். மடு, ஓகஸ்ட் பதினைந்து. அந்தோனியார், யூன் பதின்மூன்று. நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர், எங்கள் புனிதர்கள் ஒழுக்கமானவர்கள், வருடா வருடம் அதே திகதியில் வந்து நிற்பார்கள். பலேர்மோவின் சான்த்தா ரொசாலியாவும் அப்படித்தான், யூலையில் சொன்ன நாளுக்குச் சரியாக ஊர்வலம் வருவாள். பிறகு யாழ்ப்பாணத்துச் சைவச் சனங்களும் வரத் தொடங்கினார்கள். அவர்கள் சொன்ன கோயில்களையும் அதே கொப்பியில், அதே நம்பிக்கையோடு, சேர்த்துக்கொண்டே போனேன். யாராவது ஒருவருக்கு ஒரு கோயிலின் திருவிழாத் திகதி தெரிந்திருந்தால் போதும், அது கொப்பிக்குள் ஏறிவிடும். அடுத்து வருகிறவருக்கும் அதுதான் திகதி.

"எவ்வளவு துல்லியம்," என்பார் இன்ஸ்பெக்டர். நான் அடக்கமாகப் புன்னகைப்பேன். அந்தப் புன்னகையை நினைத்தால் இப்போதும் என் கேட்கிற காது சுடுகிறது.

மகேஸ்வரி வந்தது தொண்ணூற்றேழில். முப்பது வயதிருக்கும். மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் நான்கு பெண்களோடு ஒரு அறையில் இருந்தார். ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. குவெஸ்தூராவின் நடைபாதை வாங்கில் முறைக்காகக் காத்திருந்தபோது நான் அவருக்கு நல்ல புத்தி சொன்னேன். அந்த நாள்களில் இலவசமாக நான் விநியோகித்த பொருள் அது.

"ஏன் பிள்ளை இந்தக் கரைச்சல்? வீட்டுவேலை செய்யிற ஆக்களுக்குப் பொதுவாப் பெர்மெஸ்ஸோ, தங்கியிருக்கிற பேப்பர், குடுக்கப் போகினமாம். அதை எடுத்துக்கொண்டு பேசாமல் இருமன். உந்த அகதிக் கேசிலை பத்துப் பேர் கேட்டா ஒராளுக்குத் தான் குடுக்கினம்."

"பிளேட் கழுவுறதுக்குப் பேப்பர் தருவினம் எண்டு தெரியும் அண்ணை," என்றார் மகேஸ்வரி. "பேப்பர் இல்லாமலும் கழுவிக்கொண்டு தான் இருக்கிறன். எனக்கு அது தேவையில்லை."

"வேறை என்ன தேவை?"

"இவரைக் கொண்டுபோனவை. கேட்கப் போன இடமெல்லாம் நாங்கள் கொண்டுபோகேல்லை எண்டினம். ஒரு இடத்திலை, உமக்கு இப்பிடி ஒரு புருஷன் இருந்ததுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேட்டினம். கொண்டுபோனது உண்மை எண்டு ஏதோ ஒரு அரசாங்கம் சீல் குத்தித் தரட்டும். எந்த அரசாங்கம் எண்டாலும் பரவாயில்லை."

அகதி அந்தஸ்து என்பது அதற்கான கடையல்ல என்று அவருக்கு நான் விளக்கியிருக்கலாம். முறை வந்துவிட்டது, உள்ளே போனோம்.

பழம் உரிபடத் தொடங்கியது. பெயர், தகப்பன் பெயர், கணவர் பெயர். செல்வராசா. பிறகு அந்தக் கேள்வி.

"எங்கடை புளியடி அம்மனுக்குத் தேர் அண்டைக்கு, அண்ணை," என்றார் மகேஸ்வரி. "காலமை பூசைக்குப் பூ ஆஞ்சுகொண்டு நிண்டனான். அந்த வருஷம் இழுக்க ஆக்களில்லை, தேர் கொட்டிலுக்கை தான் நிண்டது. ஆனா தேர் அண்டைக்குத் தான். ஜீப்பிலை வந்து இவரை ஏத்தினவை. சாரத்தோடை போனவர். சேட்டுப் போட விடேல்லை."

ஜீப்பில் வந்தவர்கள் யார் என்பதையும் அவர் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் ஆள் ஏற்றிப் போவதற்கு ஆட்கள் பலர் இருந்தார்கள். ஒருவரை எழுதினால் மற்றவர்கள் கோபிப்பார்கள்.

மேசைக்குக் கீழே என் கொப்பி திறந்தது. புளியடி அம்மன், தேர், ஓகஸ்ட் ஒன்பது. முந்திய வருடம் அதே ஊரிலிருந்து வந்த ஒருவர் தந்த திகதி. "ஓகஸ்ட் ஒன்பது," என்றேன். அவரது கூற்றின்படி ஓகஸ்ட் ஒன்பது என்று தட்டச்சு பதிந்தது. மகேஸ்வரி தன் கைப்பையிலிருந்து ஊரின் கிராம அலுவலரான விதானையாரின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார், செல்வராசா கொண்டுசெல்லப்பட்டதாக முறைப்பாடு கிடைத்தது என்று ஆங்கிலத்தில் எழுதிய அரைப்பக்கம். அதுவும் கோப்பில் ஏறியது. கடிதத்தின் மூலையில் திகதி இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. என்னிடம்தான் கொப்பி இருந்ததே.

இப்போது, திரையில் தோன்றப்போகும் புதியவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். திரும்ப வாசிக்கும் நேரம் வந்தது. தாளில் ஓகஸ்ட் ஒன்பது என்று இருந்தது. நான் 'தேர் அண்டைக்கு' என்று வாசித்தேன். சோம்பலால் அல்ல. கருணையால். அவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேனாம். எல்லோருக்கும் அப்படித்தான் வாசித்துவந்தேன். என் மொழிபெயர்ப்பின் அழகே அதுதான் என்று எண்ணியிருந்தேன். மகேஸ்வரி ஓம் என்றார். வாசித்து, உறுதிசெய்து, ஒப்பமிட்டது. பாதித் தோடம்பழம் அவர் முன்னால் இருந்தது. அதைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு போனார்.

அடுத்த பெப்ரவரியில் பலேர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு கருத்தரங்கு நடந்தது. மதில்மேல் கல்லில் செதுக்கிய பூதங்கள் வரிசையாக நிற்கும் ஒரு பழைய மாளிகை. தலைப்பு, 'மோதலுக்குப் பிந்திய சமூகங்களில் நீதி'. எங்கள் ஊரில் மோதல் அப்போதுதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மாளிகையைப் பிந்திய காலத்துக்கென்று பதிவுசெய்துவிட்டார்கள். சாட்சியாக ஒரு தமிழர் பத்து நிமிடம் பேசுவதாகவும் நான் மொழிபெயர்ப்பதாகவும் ஏற்பாடு. அவருக்கு விசா கிடைக்கவில்லை. அவருடைய பெயரட்டை மட்டும் கதிரையின் முன்னால் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தது. பேச்சாளர்கள் எல்லோரும் அந்த அட்டையைப் பார்த்து உருக்கமாகத் தலையசைத்தார்கள். நான் கண்ணாடிக் கூண்டுக்குள் காதுக்கருவியோடு, மொழிபெயர்க்க எதுவுமின்றி, பொறுப்புக்கூறல் என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரம் வரும்வரை வந்தது.

சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்தவர் மகேஸ்வரி. அவருடைய சிஞ்ஞோரா விருந்து ஏற்பாட்டுக்காரி. என்னைக் கண்டதும் கண்ணால் சமையலறைப் பக்கம் காட்டினார். பின்னால் போனேன். கறுப்பு ஏப்ரனுக்குள்ளிருந்து நாலாக மடித்த கடிதம் வந்தது.

"சிஞ்ஞோரா வாசிச்சிட்டு முகத்தைத் திருப்பிப்போட்டா. நீங்கள் ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை."

ரோமிலிருந்து வந்த நிராகரிப்பு. இரண்டு பக்கம். செல்வராசாவின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. விண்ணப்பதாரி தன் கணவர் ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி கொண்டுசெல்லப்பட்டதாகக் கூறுகிறார். அவரே சமர்ப்பித்த கிராம அலுவலரின் கடிதமோ ஓகஸ்ட் மூன்றாம் திகதியிடப்பட்டது. நிகழவிருக்கும் சம்பவத்தை ஆறு நாள் முன்னரே உறுதிப்படுத்தும் ஆவணத்தை ஏற்க இயலாது. கூற்று நம்பத்தகாதது. மேன்முறையீட்டுக்கு முப்பது நாள்.

"ஓகஸ்ட் ஒன்பதோ?" என்றார் மகேஸ்வரி. "ஆர் சொன்னது?"

"நீர் தானே பிள்ளை. தேர் அண்டைக்கு எண்டனீர்."

"தேர் எண்டு சொன்னனான். ஒன்பது எண்டு எங்கை சொன்னனான்?"

"புளியடித் தேர் ஓகஸ்ட் ஒன்பது தானே. உங்கடை ஊர் ஆள் ஒருத்தர் வந்து சொன்னவர்."

"அவர் சொன்னது எந்த வருஷத்துத் தேர்?"

"உம்மடை அவரைக் கொண்டுபோனதுக்கு முந்தின வருஷத்துத் தேர்."

அவர் தட்டை மேசையில் வைத்தார். அரன்சீனா என்கிற பொரித்த சோற்றுருண்டை ஒன்று உருண்டு போய் ஓரத்தில் நின்றது.

"அண்ணை, நீங்கள் வேதக்காரர் தானே?"

"ஓம்."

"உங்கடை உயிர்த்த ஞாயிறு வருஷா வருஷம் ஒரே திகதியிலையோ வாறது?"

நாற்பது நாள் தபசுகாலம் இருந்து, ஒவ்வொரு வருடமும் வேறு வேறு திகதியில் உயிர்த்த ஞாயிறு கொண்டாடி வளர்ந்தவன் நான். ஒருமுறை மார்ச்சில், ஒருமுறை ஏப்ரலில். இந்தக் கேள்வி ஐந்து வருடத்தில் எனக்கு ஒருமுறைகூட வரவில்லை.

"ஆடிப் பூரணைக்குத் தீர்த்தம், அதுக்கு முதல்நாள் தேர்," என்றார் அவர். "பூரணை என்ன, உங்கடை கொப்பியைப் பாத்தோ வாறது?" பிறகு குரல் இறங்கியது. "திருப்பி வாசிக்கேக்கை நான் கேட்டுக்கொண்டு தானே இருந்தனான். தேர் எண்டு தானே வாசிச்சனீங்கள்."

"ஓம்."

"பேந்து நான் எப்பிடி அண்ணை பிடிக்கிறது?"

அதற்கும் ஓம் என்றுதான் சொன்னேன். வெளியே பேராசிரியர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். என்ன விடயம் என்று கேட்டார், சொன்னேன். "பண்பாடுகளும் காலக் கருத்துகளும்," என்று கண்கள் மின்னச் சொன்னார். "அருமையான ஆய்வுப்பொருள். உங்களை மேற்கோள் காட்டலாமா?"

வீட்டுக்குப் போய் அலுமாரித் தட்டில் விரித்திருந்த பழைய இலங்கை நாட்காட்டிகளை உருவினேன். எங்கள் நாட்டில் பூரணைக்கு அரசாங்கமே விடுமுறை விடும், சிவப்பில் அச்சடித்திருக்கும். செல்வராசாவைக் கொண்டுபோன வருடம், யூலை முப்பது. தேர் யூலை இருபத்தொன்பது. விதானையாரின் கடிதம் அதற்கு ஐந்து நாள் பிந்தியது. எல்லாம் சரியாகப் பொருந்தியது. உலகத்தில் என் கொப்பி ஒன்றுதான் பொருந்தவில்லை.

கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதைப் பார்த்துத் திகதி போட்டவர்கள் பத்தொன்பது பேர். பதினான்கு பேர் மாதா, அந்தோனியார் வகை, பிழையில்லை. மகேஸ்வரியோடு ஐந்து பேர் கோயில் வகை. அதில் மூன்று பேருக்கு அகதி அந்தஸ்தே கிடைத்துவிட்டிருந்தது, பிழையான திகதியோடு. அவர்களிடம் ஊரிலிருந்து ஒரு கடிதமும் இருக்கவில்லை, ஆகவே முரண்பாடும் இருக்கவில்லை. ஆதாரம் கொண்டுவராதவர்களை நம்பினார்கள். கொண்டுவந்த ஒருத்தியை நம்பவில்லை. இதைத்தான் நீதியின் தராசு என்கிறார்கள் போலும்.

என் மனைவி மெர்சி முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன்.

"இப்ப என்ன செய்யப் போறியள்?"

"நான் போய் என்ரை பிழை எண்டு சொன்னா வேலை போகும். அது பரவாயில்லை. அந்த மூண்டு பேற்றை கேசையும் கிண்டுவினம்." முட்டை பொரிகிற சத்தம் கேட்டது. "அப்பீலிலை ஞாபகப்பிழை எண்டு எழுதலாம். கனபேர் அப்பிடித்தான் எழுதுறவை. அதிர்ச்சியிலை திகதி மாறிப்போச்சு எண்டு."

"ஆற்றை ஞாபகம்?"

"அவவின்ரை."

மெர்சி அடுப்பை நிறுத்தினாள். "புருஷனைக் கொண்டுபோன நாள் அவளுக்கு ஞாபகமில்லை எண்டு எழுதப் போறியள்."

"ஒரு வழி எண்டு தான் சொன்னனான்."

"நல்ல வழி. அதுக்கும் அவளிட்டைக் கையெழுத்து வாங்குங்கோ, வாசிச்சுக் காட்டேக்கை வேறை ஏதும் வாசியுங்கோ. முட்டை ஆறப்போகுது, சாப்பிடுங்கோ."

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் காத்திராமல் எட்டரைக்கே இரண்டாம் மாடிக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் அன்றைய முதல் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். தேர், பூரணை, கொப்பி, திரும்ப வாசித்த விதம், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். நடுவில் தோலின் சுருள் அறுந்தது. ஐந்து வருடத்தில் நான் கண்டிராத காட்சி.

"குவாந்தோ?" என்றார். எப்போது தெரியவந்தது.

"சனிக்கிழமை."

"இன்று திங்கள்."

"ஆம்."

வாசிக்கிற கண்ணாடியைக் கழற்றினார். மற்றதைப் போட்டார். நெடுநேரம் பார்த்தார். "கதிரை மாறி உட்காருங்கள்," என்று வாக்குமூலம் கொடுப்பவரின் கதிரையைக் காட்டினார்.

ஆயிரம் தடவை பக்கவாட்டில் இருந்து பார்த்த கதிரை அது. அதில் உட்கார்ந்து பார்த்தால் யன்னல் வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்கிறது. எதிரே இருப்பவரின் முகம் தெரிவதில்லை. இதை ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை? நான் கேட்டிருக்கவில்லை. தாள்களுக்கிடையில் கார்பனை வைத்துச் சீராகத் தட்டி, இயந்திரத்தில் சுற்றினார்.

"பெயர்?"

சொன்னேன். எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். முதன்முறையாக என் பெயரை முழுவதும் உச்சரித்துப் பார்த்தார். தகப்பன் பெயர், பிறந்த இடம், தொழில்.

"மொழிபெயர்ப்பாளர் தேவையா?" என்று கேட்டார். படிவத்தில் இருக்கிற கேள்வி, கேட்டே ஆகவேண்டும். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"தேவையில்லை."

"ஒரு திருவிழாவுக்கு ஏன் நிலையான திகதி இல்லை என்று ரோமுக்கு விளக்க வேண்டும்."

"பாஸ்குவா மாதிரி," என்றேன், உயிர்த்த ஞாயிற்றுக்கு அவர்களுடைய பெயரைச் சொல்லி. "நிலவைப் பார்த்து வரும்."

அவர் விரல்கள் நின்றன. "என் அம்மா ஒவ்வொரு வருடமும் வெதுப்பகக்காரன் தருகிற நாட்காட்டியைப் பார்த்துத்தான் பாஸ்குவா எப்போது என்று சொல்வாள். நீங்களும் பார்த்திருக்கலாம்."

"ஆம்."

"நானும் கேட்டிருக்கலாம்." இதைச் சொல்லும்போது தட்டச்சைத்தான் பார்த்தார். "மற்ற நாலு கோப்புகள்?"

பெயர்களைக் கொடுத்தேன். ஒன்று இன்னும் ரோமுக்குப் போகவில்லை, அதை அங்கேயே திருத்தக் குறித்துக்கொண்டார். மற்ற மூன்றையும் பார்த்துவிட்டுத் தாளை மடித்தார். "இவை மூடிய கோப்புகள். மூடிய கோப்பைத் திறக்க மூன்று அதிகாரிகளின் கையொப்பம் வேண்டும். என்னிடம் என்னுடையது மட்டும்தான் இருக்கிறது." அகதிகளுக்குச் சிவப்புநாடா செய்த ஒரே உபகாரத்தை அன்றைக்குக் கண்டேன்.

பிறகு முக்கியமான வசனத்தைச் சொன்னேன். அவர் தட்டினார். நான் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தேன், அந்த மேசையில் பழகிய கலை. மகேஸ்வரியின் கணவர் செல்வராசா யூலை இருபத்தொன்பதாம் திகதி காலை தன் வீட்டிலிருந்து வாகனத்தில் கொண்டுசெல்லப்பட்டார். அது கோயிலின் தேர்த் தினம். மொழிபெயர்ப்பாளராகிய நான் அதை ஓகஸ்ட் ஒன்பது எனப் பிழையாக மாற்றினேன். பிழை முழுவதும் என்னுடையது.

'அ சுவோ தீரே' எங்கே என்று தேடினேன். இல்லை. அவரது கூற்றின்படி என்பது இல்லாமல் அந்த இயந்திரத்திலிருந்து ஒரு வசனம் வந்து நான் கண்டதில்லை. அவரைப் பார்த்தேன். அவர் இரண்டாவது பழத்தை எடுத்திருந்தார். வாசித்து, உறுதிசெய்து, ஒப்பமிட்டது. பாதிப் பழம் என் முன்னால் வந்தது.

கொப்பியைக் கோப்போடு இணைத்துத் தைத்துவிட்டார்கள். மறு அறிவித்தல் வரை நான் வரத் தேவையில்லை என்று ஒரு கடிதம் தந்தார்கள். அந்த மறு அறிவித்தலுக்கு எட்டு மாதம் பிடித்தது. எட்டு மாதமும் முழுநேரம் படி கழுவினேன். ரோமில் மகேஸ்வரியை மறுபடி அழைத்து, வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்து விசாரித்தார்கள். ரயிலில் தனியே போய் வந்தார்.

யூன் மாதம் ஒரு பகல், வியா ரோமாப் பக்கம் ஒரு கட்டடத்தில் மூன்றாம் மாடியிலிருந்து கழுவிக்கொண்டு இறங்குகிறேன், கீழே மகேஸ்வரி நிற்கிறார். கையில் கடிதம்.

வாசித்தேன். அகதி என ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தார். நாலு வரி. சட்டத்தின் இலக்கம், அவருடைய பெயர், முடிவு, முத்திரை.

"இவரின்ரை பேர் எங்கை?" என்றார்.

"இதிலை இல்லை."

"நடந்தது எண்டு எழுதேல்லையோ?"

"நம்பாட்டித் தான் பிள்ளை ஏன் எண்டு விளக்கி எழுதுவினம். நம்பினா ஒண்டும் எழுதமாட்டினம். அவையின்ரை வழமை அது."

அவர் ஈரப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப இவரின்ரை பேர் கிடக்கிறது அந்த நம்பமாட்டம் எண்ட பேப்பரிலை மட்டும்."

அப்படித்தான். முழு ஐரோப்பாவிலும் செல்வராசாவைப் பற்றி ஓர் அரசாங்கம் எழுதிய ஒரே தாள், அவர் கொண்டுபோகப்படவில்லை என்று சொல்கிற தாள். நானும் வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் இரண்டாம் மாடியில் நான் கொடுத்த வாக்குமூலம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் குவெஸ்தூராவுக்குப் போய் என்னுடைய வாக்குமூலத்தின் அத்தாட்சிப் பிரதி ஒன்று வேண்டும் என்றேன். இன்ஸ்பெக்டர் கோப்பை எடுத்தார்.

"யாருக்கு?"

"அந்த அம்மாவுக்கு."

"ஏன்?" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நடைபாதை வாங்கில் மகேஸ்வரி என்னிடம் சொன்னதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அது என் வாழ்க்கையின் மிகத் துல்லியமான மொழிபெயர்ப்பு. இன்ஸ்பெக்டர் முத்திரையை எடுத்தார். பிரதிக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு முத்திரை போதும். அவர் மூன்று பக்கத்திலும் குத்தினார். மூன்றாவதில் மை சரியாகப் படியவில்லை என்று மறுபடியும் குத்தினார்.

மகேஸ்வரி அதே படிக்கு வந்தார். இந்த முறை படி காய்ந்திருந்தது. முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதிலை இருக்கோ?"

"இருக்கு."

"வாசியுங்கோ."

இத்தாலியனில் இருந்ததைத் தமிழில் வாசித்தேன். என் பெயர், தகப்பன் பெயர், தொழில். பிறகு அந்த வசனம். மகேஸ்வரியின் கணவர் செல்வராசா. வாய் பழக்கதோஷத்தில் வழுக்கியது. "தேர் அண்டைக்கு," என்றேன்.

அவர் கையை நீட்டித் தாளின் மேல் வைத்தார்.

"தேர் எண்டு வாசியாதையுங்கோ அண்ணை. அதிலை எழுதிக் கிடக்கிறதை வாசியுங்கோ."

"யூலை இருபத்தொன்பதாம் திகதி," என்று வாசித்தேன். "காலை. தன் வீட்டிலிருந்து வாகனத்தில் கொண்டுசெல்லப்பட்டார்."

"இன்னொருக்கா."

வாசித்தேன்.

"ஓம்," என்றார் மகேஸ்வரி.